மதுரையிலிருந்து கிளிமஞ்சாரோ: எட்டுப் பேர், பதினெட்டு மாதம் – பயிற்சிக்கும் நிதி திரட்டலுக்கும் முழுமையான வழிகாட்டி

தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் உயரம். ஆப்பிரிக்காவிலேயே உயர்ந்த சிகரம். ஆனாலும் வழக்கமான பாதைகளில் கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம், நடந்தே ஏறிவிடலாம். அதனால்தான் கல்லூரி வயதுப் பிள்ளைகள் குழுவாகப் போக ஏற்ற முதல் வெளிநாட்டு மலை இது. அதனால்தான் பலர் இதைக் குறைத்தும் எடைபோடுகிறார்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். மதுரை கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர். இந்த வித்தியாசத்தைத் தொடைப் பலத்தால் ஈடுகட்ட முடியாது. உடம்புக்கு நாள் கொடுக்க வேண்டும்.

நாள் என்றால் பணம். மலை இருக்கும் தேசியப் பூங்காவுக்குக் கட்டணம் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 டாலர், கூடார இரவொன்றுக்கு 50 டாலர், இவற்றின்மேல் 18 சதவீத வரி. ஆக, மலையில் கூடுதலாக ஒரு நாள் தங்கினால் கட்டணமாக மட்டும் சுமார் 142 டாலர் ஆகும். ஆறு நாளில் ஏறுவதா எட்டு நாளில் ஏறுவதா என்ற கேள்விக்கான விடை உங்கள் உண்டியலில் இருக்கிறது. பயிற்சியையும் நிதி திரட்டலையும் இந்த வழிகாட்டி தனித்தனியாகப் பிரிக்காததற்குக் காரணம் இதுதான். நிதி திரட்டுவதே அந்த ஏழாவது, எட்டாவது நாளை வாங்கத்தான் என்பதைக் குழுவில் எல்லோரும் முதல் கூட்டத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

எப்போது தொடங்குவது

தை மாதம் தொடங்கி அடுத்த ஆண்டு ஆனியில் மலையேறுவது மதுரைக் குழுவுக்குப் பொருந்தும் கணக்கு. கிளிமஞ்சாரோவில் மார்ச் முதல் மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை. ஜூன் முதல் அக்டோபர் வரையும், ஜனவரி, பிப்ரவரியும் வறண்ட காலம். ஜூன் பின்பகுதி என்றால் தேர்வுகளும் முடிந்திருக்கும். தேதி குறிக்கும்போது நாள்காட்டியில் பௌர்ணமியையும் பாருங்கள். உச்சிக்கு ஏறுவது நள்ளிரவில். நிலா இருந்தால் பாதை தெரியும், மனதுக்கும் தெம்பு. கிரிவலம் போய்ப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதினெட்டு மாதம் அதிகம் என்று தோன்றும். கால்களுக்கு ஒன்பது மாதமே போதும்தான். மீதி ஒன்பது மாதம் பணத்துக்கு.

எட்டுப் பேர் நல்ல எண்ணிக்கை. பன்னிரண்டைத் தாண்டினால் ஏறும் வேகம் சிதறும், நிதியும் கையை மீறும். எட்டுப் பேருக்கு வேண்டிய பணத்தைச் சேர்க்கப் பத்துப் பேரோடு தொடங்குங்கள். வேலை கிடைத்தோ, வீட்டில் திருமணம் வந்தோ, உடல்நிலையாலோ இருவராவது விலகுவார்கள். பெண்கள் இருக்கும் குழுவில் பொறுப்பாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்த்தால் பெற்றோர் இருவரின் ஒப்புதல் கடிதத்தை நோட்டரி கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சம்மதம் வாங்குவது இன்னொரு மலை. விருதுநகர் மாவட்டத்திலிருந்து போன முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், காப்பீட்டு விவரம், எட்டு நாள் திட்டம், திரும்பி வருவதற்கான விதிகள் மூன்றையும் ஒரே தாளில் அச்சிட்டுப் பெற்றோர் கூட்டத்தில் கொடுப்பது.

எந்தப் பாதை, எத்தனை நாள்

எங்கள் பரிந்துரை லெமோஷோ பாதை, எட்டு நாள். இரவு தங்கும் உயரங்களைப் பாருங்கள்: முதல் இரவு காட்டுக்குள் சுமார் 2,800 மீட்டர், அடுத்து ஷிரா ஒன்று 3,500, ஷிரா இரண்டு 3,840. நான்காம் நாள் 4,630 மீட்டரில் உள்ள லாவா டவர் பாறை வரை ஏறிவிட்டு, தூங்குவதற்கு பராங்கோ முகாமுக்கு, சுமார் 3,960 மீட்டருக்கு, இறங்கி வர வேண்டும். ஐந்தாம் இரவு கரங்கா, சுமார் 4,000. ஆறாம் இரவு பராஃபு, 4,670. அன்று நள்ளிரவு கிளம்பி ஏழாம் நாள் காலை உச்சி. அதே நாள் 3,100 மீட்டரில் உள்ள ம்வேகா முகாமுக்கு இறக்கம். எட்டாம் நாள் 1,640 மீட்டரில் உள்ள வாயிலை அடைந்து வெளியேறுவீர்கள்.

உயரமாக ஏறு, தாழ இறங்கித் தூங்கு என்பதே மலைக்காரர்களின் அடிப்படை விதி. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. மேலே சொன்ன பாதையில் ஷிரா ஒன்றுக்கும் பராஃபுவுக்கும் ஏறும் இரண்டு தாவல்களைத் தவிர மற்ற எல்லாம் இந்த அளவுக்குள்ளேயே போகின்றன. மரங்கு பாதையை ஐந்து நாளில் முடிக்கலாம், குடிசையில் தங்கலாம், செலவும் குறைவு. ஆனால் ஏறும் வழியிலேயே இறங்குவதால் உயரத்துக்குப் பழக இடமில்லை. அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

வழிகாட்டி நிறுவனம் இல்லாமல் கிளிமஞ்சாரோவில் ஏற அனுமதி கிடையாது. அதனால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். எட்டு நாளுக்குப் பூங்காக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். 70 டாலர் வீதம் எட்டு நாளுக்கு 560, 50 டாலர் வீதம் ஏழு இரவுக்கு 350, மீட்புக் கட்டணம் 20. மொத்தம் 930, வரியோடு சேர்த்து சுமார் 1,100 டாலர். இந்தக் கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் ஆண்டின் பட்டியலை வாங்கி அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். யாராவது எட்டு நாள் பயணத்தை 1,400 டாலருக்குத் தருகிறேன் என்றால், மிச்சமிருக்கும் 300 டாலருக்குள் சாப்பாடு, கூடாரம், வண்டி, வழிகாட்டி, ஆளுக்கு மூன்று சுமைதூக்குவோர் என எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. யாருடைய கூலியிலோ, யாருடைய சாப்பாட்டிலோ கைவைத்துத்தான் அந்த விலை வருகிறது. சுமைதூக்குவோரின் கூலியையும் நடத்தப்படும் விதத்தையும் கண்காணிக்கும் கேபாப் என்ற அமைப்பு அங்கே இயங்குகிறது. அதில் பங்காளியாக உள்ள நிறுவனமா என்று கேளுங்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பூங்கா விதி. மூட்டை தூக்கும் வேலையின் பாரம் என்ன என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியாததல்ல.

ஒருவருக்கு எவ்வளவு

டாலரை 90 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். நியாயமான நிறுவனத்துக்கு 2,200 டாலர், அதாவது 1,98,000 ரூபாய். விமானத்துக்கு 75,000. மதுரையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. மும்பை போய் அடிஸ் அபாபா வழியாக மாறிப் போவது வழக்கமான தடம். விசா 50 டாலர், இணையத்திலேயே எடுக்கலாம். வழிகாட்டிகளுக்கும் சுமைதூக்குவோருக்கும் அன்பளிப்பு 250 டாலர். இது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சரி என்ற வகையல்ல, அவர்கள் வருமானத்தில் ஒரு பகுதி, ஆகவே முன்கூட்டியே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். காப்பீடு 7,000, தடுப்பூசி 4,000, மலையடிவாரத்து மோஷி நகரில் ஏறுமுன்னும் இறங்கியபின்னும் தங்க 6,000, உடை, ஷூ வகையறா 28,000, இமயமலைப் பயிற்சிப் பயணம் 25,000. கூட்டினால் 3,70,000. பத்து சதவீதம் கைவசம் வைத்தால் நான்கு லட்சத்தைத் தொடும். எட்டுப் பேருக்கு 32 லட்சம்.

பயண நிறுவனத்துக்கு இந்தியாவிலிருந்து பணம் கட்டும்போது டிசிஎஸ் வரி, அதாவது பணம் கட்டும் இடத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, பிடிக்கப்படலாம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அதை ஈடுசெய்துகொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஆனால் பணம் பல மாதம் கழித்துத்தான் வரும் என்பதால் கட்டும் நேரத்தில் கையில் இருக்க வேண்டும்.

இதில் ஆளுக்கு இரண்டு லட்சம் சொந்தப் பொறுப்பு. மாதம் 6,000 வீதம் பதினெட்டு மாதத்துக்கு 1,08,000, மீதியை வீட்டிலிருந்து. அடுத்த இரண்டு லட்சம், அதாவது குழுவுக்கு 16 லட்சம், ஊரிலிருந்து.

கணக்கு வழக்கு முதலில், உண்டியல் பிறகு

தனிநபர் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதிவு செய்யுங்கள், அல்லது ஏற்கெனவே பதிவான ஒரு சங்கத்தின் கீழ் செயல்படுங்கள். சங்கத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு, இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு. ஜிபே க்யூஆர் அட்டையும் அந்தக் கணக்குக்கே போக வேண்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் வரத் தொடங்கினால் ஆறு மாதத்தில் யாராலும் கணக்கைப் பிரிக்க முடியாது. நட்பு முறிவதும் அங்கேதான்.

நன்கொடைப் பதிவேடு மொய் நோட்டு மாதிரி இருக்கட்டும்: பெயர், ஊர், தொகை, தேதி, ரசீது எண். நம் ஊரில் மொய் நோட்டைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பெரியவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மொய்க்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். மொய்ப் பணம் திரும்பப் போக வேண்டும். நன்கொடைக்குப் பதிலாகக் கணக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தவர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

விலகுபவர்களுக்கான விதியையும் முதல் மாதமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஊர்ப் பணம் குழுவுடையது, யாருடைய பங்கும் அல்ல. விலகுபவர் போட்ட சொந்தப் பணத்தில், அவர் பெயரில் திரும்பப் பெற முடியாமல் கட்டிவிட்ட தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

சட்டச் சிக்கல்கள் மூன்று. முதலாவது, குலுக்கல் சீட்டு. இருபது ரூபாய் டோக்கன், முதல் பரிசு மிக்ஸி என்று யாராவது யோசனை சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அந்தப் பக்கமே போகாதீர்கள். இரண்டாவது, வெளிநாட்டுப் பணம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவராக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் 2010-ஆம் ஆண்டு எஃப்சிஆர்ஏ சட்டத்தில் பதிவு பெறாத சங்கம் அதை வாங்கக் கூடாது. அனுப்புமுன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்றாவது, நிறுவனங்களிடம் சிஎஸ்ஆர் எனப்படும் சமூகப் பொறுப்பு நிதி கேட்பது. இந்தியாவுக்கு வெளியே நடக்கும் செயல்பாடுகள் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. மாநிலத்தையோ நாட்டையோ பிரதிநிதித்துவம் செய்யும் விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கு மட்டுமே விலக்கு. ஆகவே உங்கள் கடிதத்தில் சிஎஸ்ஆர் என்ற சொல்லே வேண்டாம். விளம்பர நிதியிலிருந்து கேளுங்கள்.

பதினாறு லட்சம் எங்கிருந்து வரும்

பாதிக்கு மேல், சுமார் ஒன்பது லட்சம், உள்ளூர் நிறுவனங்களிடமிருந்துதான் வர வேண்டும். ஜவுளிக்கடை, நகைக்கடை, பயிற்சி மையம், மில், மருத்துவமனை எதுவானாலும் ஒரு பக்கக் கடிதம் போதும். “எங்கள் முயற்சிக்கு ஆதரவளியுங்கள்” என்று பொதுவாக எழுதினால் ஐயாயிரம் கிடைக்கும். “எங்கள் எட்டுப் பேருக்கும் ஏழாவது, எட்டாவது நாள் பூங்காக் கட்டணம் 2,04,000 ரூபாய், இதைத் தாங்கள் ஏற்றால் உச்சிப் படத்தில் தங்கள் பெயர்” என்று எழுதினால் பேச்சு வேறு மாதிரி போகும். பொருளையும் தொகையையும் இணைத்துக் கேளுங்கள்: எட்டு ஸ்லீப்பிங் பேக் வாடகை, ஒருவரின் விமானச் சீட்டு, எட்டுப் பேர் தடுப்பூசி. நேரில் போவது மாதத் தொடக்க வாரத்தில் வேண்டாம். சம்பளமும் வாடகையும் கொடுக்கும் நேரம் அது. தீபாவளிக்கு முந்திய மாதத்தில் விளம்பர நிதி முழுவதும் வேறு பக்கம் போயிருக்கும். ஆடித் தள்ளுபடி முடிந்த ஆவணியில் போங்கள்.

படியேற்றம் இரண்டாவது வழி. பராஃபு முகாமிலிருந்து உச்சிக்கு 1,220 மீட்டர் ஏற்றம். படி ஒன்று 16 சென்டிமீட்டர் என்று வைத்தால் 7,625 படி. பழனி மலைக்கு 693 படி. அதாவது ஒரே இரவில் பழனியைப் பதினோரு முறை ஏறுவதற்குச் சமம். இந்தக் கணக்கைச் சொன்னால் கிழவி முதல் குழந்தை வரை யாருக்கும் புரியும். இதையே நன்கொடைத் திட்டமாக்குங்கள். ஒரு பழனிக்கு நூறு ரூபாய், பதினொன்றுக்கு 1,100. ஆளுக்கு முப்பது நன்கொடையாளர் பிடித்தால் எட்டுப் பேருக்கு 2,64,000. ஆனால் உண்மையான கோயில் படியில் ஷூவும் பேனருமாகப் போய் இதைச் செய்யாதீர்கள். அது முறையல்ல, அனுமதியும் கிடைக்காது. நான்கு மாடிக் கல்லூரிக் கட்டடம் போதும். மாடி ஒன்று மூன்று மீட்டர் என்றால் ஒரு ஏற்றம் 12 மீட்டர், மொத்தம் 102 முறை. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு முழுக்க நடத்துங்கள், பயிற்சியும் ஆயிற்று. ஒவ்வொரு மாடியிலும் குடிநீர், கீழே எண்ணிக்கை எழுத ஒருவர், முதலுதவிக்கு ஒருவர். இறங்கும்போதுதான் கால் மடங்கும், கைப்பிடியை விடாமல் இறங்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வாராந்தரப் பருத்திப்பால் கடை. மதுரையில் பருத்திப்பால் விற்காமல் மிஞ்சுவது கிடையாது. ஞாயிறு காலை தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்களே உங்கள் வாடிக்கையாளர்கள். 150 மில்லி டம்ளர் நூறுக்கு, அதாவது 15 லிட்டருக்கு, பருத்திக்கொட்டை 3 கிலோ, பச்சரிசி முக்கால் கிலோ, வெல்லம் மூன்றரை கிலோ, தேங்காய் ஐந்து, சுக்கு 75 கிராம், ஏலக்காய் 25 கிராம் கணக்காகும். கொட்டையை மளிகைக் கடையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ உணவுக்கென்று கேட்டு வாங்குங்கள். விதைக்கடையில் விற்பது பூச்சிமருந்து தடவிய விதைப்புக் கொட்டை, நஞ்சு. இதில் தவறவே கூடாது. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, மூன்று முறை தண்ணீர் மாற்றி, ஆட்டி, வெள்ளைத் துணியில் மூன்று பால் எடுக்க வேண்டும். ஊறியது போதாவிட்டால் பால் நீர்த்துப்போகும். ஊறவைத்து அரைத்த அரிசியைச் சேர்த்தபின் கை ஓயாமல் கிண்ட வேண்டும், நிறுத்தினால் அடிபிடித்து மொத்தமும் புகைநாற்றம். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, பால் பச்சை வாசம் போய்க் கொதித்தபின் ஊற்றுங்கள். இருபது ரூபாய்க்கு விற்றால் நூறு டம்ளரில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் நிற்கும். வாரம் 200 டம்ளர், அறுபது வாரத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். சிறு உணவு வியாபாரத்துக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், எடுத்துவிடுங்கள். மாநகராட்சியிடம் இடத்துக்கும் அனுமதி கேளுங்கள். சித்திரைத் திருவிழாவில் மட்டும் கடை போட வேண்டாம். அழகர் வரும் வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் சும்மா கொடுக்கிற ஊர் இது. அன்று நீங்களும் ஒரு பந்தல் போட்டு மோர் கொடுங்கள். அதைப் பார்த்தவர்கள் அடுத்த மாதம் நன்கொடைக் கடிதத்தைப் படிப்பார்கள்.

மீதியைத் தீபாவளி, பொங்கல் பலகார ஆர்டர்களும் பழைய மாணவர்களும் நிரப்புவார்கள். பலகாரத்துக்குப் பாதி முன்பணம் வாங்காமல் அடுப்பு பற்றவைக்காதீர்கள்.

உடம்பைத் தயார்செய்தல்

முதல் வேலை ஓட்டமில்லை, ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவருக்கு மலையில் இரட்டைச் சுமை. நம் ஊரில், குறிப்பாகப் பெண்களிடம், இது சாதாரணமாகத் தென்படும் குறை. ஓராண்டுக்கு முன்பே தெரிந்தால் மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையில் சரிசெய்ய நேரமிருக்கும். கிளம்பும் மாதத்தில் தெரிந்தால் எதுவும் செய்ய முடியாது. ஈசிஜி, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா பரிசோதனைகளையும் சேர்த்துச் செய்யுங்கள்.

முதல் மூன்று மாதம் நடை, வாரம் நான்கு நாள், காலை ஐந்தரைக்கு. வண்டியூர் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் சுமார் 1.2 கிலோமீட்டர். நான்கு சுற்றில் தொடங்கி எட்டுக்குக் கொண்டுபோங்கள். வாரம் இரண்டு நாள் உட்கார்ந்தெழுதல், ஒற்றைக் காலில் படியிறங்குதல், பலகைநிலை (பிளாங்க்). பேச்சு தடைபடாமல் நடக்கும் வேகம்தான் மலையின் வேகம். மூச்சிரைக்க ஓடுபவர்கள் அங்கே முதலில் விழுவார்கள். வழிகாட்டிகள் நாள் முழுக்கச் சொல்லும் சுவாஹிலிச் சொல் “போலே போலே”, மெல்ல மெல்ல.

அடுத்த மூன்று மாதம் சுமை. கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகள் வாரநாளுக்கு ஏற்றவை. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம், கற்படுக்கைகள் மேலோ கல்வெட்டுகள் மேலோ மிதிக்காமல் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து சோலைமலை வழியாக நூபுரகங்கை வரை மலைச்சாலையில் ஏற்றம். முதுகுப் பையில் ஐந்து கிலோவில் தொடங்கி இரு வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டி, பத்தில் நிறுத்துங்கள். சுமையாகத் தண்ணீர்ப் பாட்டில்களை வையுங்கள். ஏறியதும் மரத்துக்கு ஊற்றிவிட்டு வெறும்பையோடு இறங்கலாம், முட்டி தப்பிக்கும். கடைசி மூன்று மாதத்தில் மட்டும் சுமையோடேயே இறங்கிப் பழகுங்கள். உச்சி நாளில் 5,895-லிருந்து 3,100 வரை ஏறக்குறைய 2,800 மீட்டர் இறக்கம் இருக்கிறது. கிளிமஞ்சாரோவில் அழவைப்பது ஏற்றம் மட்டுமில்லை.

நீண்ட மலைநடைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை. பெரியகுளம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் வட்டக்கானல் வரை 1,500 மீட்டருக்கு மேல் ஏற்றம். உச்சி இரவின் ஏற்றத்தைவிடக் கூடுதல் இது. இதை ஒரே நாளில், எட்டு கிலோ சுமையோடு, மறுநாள் எழுந்து நடக்கிற நிலையில் முடித்தால் உங்கள் கால் தயார். ஆனால் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு அடி வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வறண்ட புல்லும் காற்றும் சேர்ந்தால் தீயை ஓடி வெல்ல முடியாது. தமிழ்நாடு அரசு 2024-இல் ட்ரெக் தமிழ்நாடு என்ற பெயரில் இணையப் பதிவையும் வழிகாட்டிகளையும் ஏற்பாடு செய்திருக்கிறது. அதில் திறந்திருக்கும் பாதைகளையே எடுங்கள். தீக்காலத்தில் பாதைகள் மூடப்படும், ஐப்பசி கார்த்திகையில் மழை வழுக்கும். ஆக மார்கழி, தை இரண்டு மாதமே நல்ல நடைக்காலம். அதை வீணாக்காமல் முன்பதிவு செய்யுங்கள். கொடைக்கானலின் மார்கழிக் குளிரில் ஓர் இரவு கூடாரத்தில் தூங்கிப் பார்ப்பதும் பயிற்சிதான்.

இவ்வளவும் செய்தாலும் தென்னாட்டில் 2,700 மீட்டருக்கு மேல் மலையே இல்லை. உங்கள் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது இமயமலைக்குப் போனால்தான் தெரியும். மேற்கு வங்க–நேபாள எல்லையில் உள்ள சந்தக்பூ, 3,636 மீட்டர், சித்திரை வைகாசியில் போகலாம். அங்கே பழகிய உடம்பு ஊருக்கு வந்து சில வாரத்தில் அதை மறந்துவிடும். தலைவலி யாருக்கு வருகிறது, யாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, யார் வாய்திறந்து சொல்லாமல் மறைக்கிறார் என்பதைக் கண்டுகொள்ளத்தான் இந்தப் பயணம். மறைப்பவரே குழுவுக்குப் பெரிய ஆபத்து.

மலைநோய்

தலைவலி, குமட்டல், களைப்பு, தலைசுற்றல் நான்குக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போடும் முறைக்கு லேக் லூயிஸ் அளவு என்று பெயர். தலைவலி இருந்து மொத்தம் மூன்றைத் தொட்டால் மலைநோய். தினமும் காலை, மாலை இருவர் இருவராக ஒருவரையொருவர் கேட்டு நோட்டில் எழுதுங்கள். மூன்று வந்தால் அங்கேயே தங்கல், மேலே ஏறக் கூடாது. நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நுரையோடு இருமினாலோ உடனே இறக்க வேண்டும், நள்ளிரவாக இருந்தாலும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருப்பதன் அறிகுறிகள் இவை. இந்த விதியை மதுரையிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உச்சிக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது யாரும் புதிதாக நியாயம் பேச முடியாது.

அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் பொதுவாக 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்திய நாளிலிருந்து எழுதிக் கொடுப்பார். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விரல் நுனி மரத்துப்போகும், சிறுநீர் அடிக்கடி போகும். இவற்றை ஊரில் இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

உடை, ஷூ, சாப்பாடு

உச்சி இரவில் மைனஸ் பத்துக்குக் கீழே போகும், காற்று அதை இன்னும் கூர்மையாக்கும். பருத்திப் பனியன் வியர்வையைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிர வைத்துவிடும். உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், மேலே பறவை இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், அதன்மேல் மழைக்கோட்டு. டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் மோஷியில் வாடகைக்குக் கிடைக்கும், ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து அரை அளவு பெரிதாக வாங்கி, நூறு கிலோமீட்டராவது நடந்து பழக்குங்கள். அளவு நெருக்கமாக இருந்தால் இறக்கத்தில் கட்டைவிரல் முன்னே முட்டி நகம் கறுத்து விழும்.

தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் வையுங்கள், தண்ணீர் மேலிருந்துதான் உறையும். முதுகுத் தண்ணீர்ப்பையின் உறிஞ்சு குழாய் உச்சி இரவில் உறைந்து பயனற்றுப் போகும். டார்ச் பேட்டரியையும் போனையும் படுக்கைக்குள் வைத்துத் தூங்குங்கள். தான்சானியாவில் 2019 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, துணிகளை மஞ்சப்பையில் கட்டுங்கள்.

4,000 மீட்டருக்கு மேல் பசி எடுக்காது, ஆனாலும் சாப்பிட வேண்டும். பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், எள்ளுருண்டை கொண்டுபோங்கள். கடலைமிட்டாயை ஊரிலேயே நகக்கண் அளவுக்கு உடைத்து டப்பாவில் போடுங்கள். கையுறை போட்ட கையால் அங்கே உடைக்க முடியாது.

காகிதங்கள்

மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் முதல் மூன்று மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பயணத் தேதிக்குப் பின் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை மலைநடை, ஹெலிகாப்டர் மீட்பு என்ற இரண்டும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவும் உயரத்துக்கு வரம்பு வைக்கும். எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போவதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும். இது மஞ்சள் காமாலைக்கான ஊசி அல்ல. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். முந்திய வாரம் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டால் போகும் இடத்தில் தடுக்கலாம், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தவும் செய்யலாம்.

அன்பளிப்புப் பணத்தைச் சிறு நோட்டுகளாக, கிழியாத புது டாலர்களாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். கடைசி நாள் முகாமில் எல்லோர் முன்னிலையிலும், தலைமை வழிகாட்டிக்கு இவ்வளவு, சமையல்காரருக்கு இவ்வளவு, சுமைதூக்குவோர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வாசித்துக் கொடுங்கள். மொத்தமாக ஒருவர் கையில் கொடுத்தால் கடைசி ஆள்வரை போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஊர் திரும்பிய முப்பது நாளுக்குள் இறுதிக் கணக்கைத் தணிக்கையோடு நன்கொடையாளர்களுக்கு அனுப்பி, மிச்சப் பணத்தையும் கூடாரம், ஊன்றுகோல் வகையறாவையும் சங்கத்தின் பெயரில் அடுத்த குழுவுக்கு எழுதி ஒப்படையுங்கள்.